‘திடீரென’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்

வாகனம் ஓட்ட உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும், ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

மூன்று மாதங்களுக்கு முன் நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு உங்கள் தரப்பிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒரே வாக்கியம். ‘விலங்குகள் திடீரெனக் குறுக்கிடுவது முன்கூட்டிக் கணிக்க இயலாத நிகழ்வு என்பதால், ஓட்டுநர் பயிற்சியில் அதற்கெனத் தனிப் பாடம் சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை.’ கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நான் கேட்டிருந்தது அரை மணி நேரம். ஓட்டக் கற்க வருகிற ஒவ்வொருவருக்கும், சாலையில் விலங்கு எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் எழுதியிருந்தேன். மறுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மறுப்பதற்கு நீங்கள் தேடி எடுத்த அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. திடீரென.

நான் கால்நடை மருத்துவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலை. இரவு பத்து மணிக்கு மேல் என் தொலைபேசி ஒலித்தால், ஒன்று கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும். இல்லாவிட்டால் மாடு சாலையில் குறுக்கே கிடக்கும். முதலாவதற்குக் கிளம்பும்போது இருக்கிற தெம்பு இரண்டாவதற்குக் கிளம்பும்போது இருப்பதில்லை. அப்படிப் போன இடங்களில் எல்லாம் முதலில் என் காதில் விழுவது இதுதான்: “திடீரென வந்துவிட்டது, டாக்டர்.” மாடு திடீரென வந்தது, நாய் திடீரெனப் பாய்ந்தது, பன்றி திடீரென ஓடியது. அடிபட்ட அதிர்ச்சியில் சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம். காப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறவர்களுக்கு அது பணப் பிரச்சினை. ஆனால் உரிமம் கொடுக்கிற கை அதே சொல்லை முத்திரை குத்தி எழுதும்போது, இனிமேல் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு. வளைவு முடிந்து சாலை நேராகிற இடத்தில் ஒரு கார் முன்பக்கம் நசுங்கி நின்றிருந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஓர் எருமை, சினை எருமை. காரை ஓட்டிவந்தவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, காற்றுப்பை முகத்தில் அடித்ததில் வழிந்த மூக்கு ரத்தத்தைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென வந்துவிட்டது என்றார். நான் டார்ச் விளக்கைத் தரையில் அடித்துப் பார்த்தேன். எருமை இப்போது கிடந்த இடத்திலிருந்து பத்தடிக்கு முன்னால், தாரில் ஒரு காய்ந்த பரப்பு இருந்தது. சுற்றிலும் சாலை நனைந்து கன்னங்கரேலென்று இருக்க, அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில், ஓர் எருமை காலை மடக்கிப் படுத்தால் எவ்வளவு அகலம் வருமோ அவ்வளவு அகலத்தில். ஓரத்தில் சாணம், அதன் மேல் ஏடு கட்டியிருந்தது. சாயங்காலம் பிடித்த தூறல் ஒன்பது மணிக்குத்தான் விட்டிருந்தது. அந்த எருமை தூறல் தொடங்குவதற்கு முன்பே அங்கே படுத்து, தூறல் முடியும்வரை எழாமல் அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திடீரென வந்தது அந்தக் கார்.

மாடுகள் ஏன் சாலையில் வந்து படுக்கின்றன என்று கேட்டால், பலருக்குத் திமிர் என்றுதான் பதில் சொல்லத் தோன்றும். பகல் முழுவதும் வெயில் வாங்கிய தார் இரவில் சூட்டை விடுகிறது. மண் சேறாகிக் கிடக்கும் நாட்களில் மேடாகவும் காய்ந்தும் இருக்கிற ஒரே இடம் அதுதான். திறந்த வெளியில் காற்று வீசுவதால் கொசுவும் ஈயும் குறைவு. எருமையின் கணக்கில் அது நல்ல கட்டில். மழைக்கால இரவில், மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய மேடான சாலையில் மாடு படுத்திருக்கும் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடக் கணித்துவிடுவான். ‘முன்கூட்டிக் கணிக்க இயலாத நிகழ்வு’ என்று எழுதியவர் ஒரு தடவையாவது என்னோடு வண்டியில் வரட்டும்.

அன்று இரவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் உங்கள் பாடத்தில் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வண்டிகளை வளைவிலேயே நிறுத்திவிட்டு, எல்லோரும் சாலை நடுவில் நின்றார்கள். எச்சரிக்கை முக்கோணத்தை ஒருவரும் வைக்கவில்லை. அது எந்த வண்டியிலும் டிக்கியைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் எருமையின் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரக்கத்தால்தான் செய்தார், ஆனால் விழுங்க முடியாத நிலையில் கிடக்கும் விலங்குக்கு ஊற்றுகிற தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். இன்னொருவர் எழுப்பி நிறுத்தப் போவதாக வாலை முறுக்கினார். பின்னங்கால்கள் இரண்டும் உணர்வே இல்லாமல் கிடந்தன, முதுகெலும்பு போயிருந்தது. மூன்றாமவர் ஓர் இளைஞர். எருமையின் விலாவில் ஒரு காலை ஊன்றி, வேட்டையில் விழுத்தியவர் மாதிரி நின்று செல்பி எடுத்தார். பின்பாதி செத்த எருமைக்கு முன்பாதி உயிரோடுதான் இருந்தது. தலையை ஒரு வீச்சு வீசியது. கொம்பு அவர் தொடையில் இறங்கியது.

என் பையில் இருந்த பஞ்சும் கட்டுத்துணியும் முதலில் அவருக்குத்தான் பயன்பட்டன. நான் அவர் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது, வளைவிலிருந்து இன்னொரு வண்டி அதே வேகத்தில், ஹாரனை அழுத்திக்கொண்டே, எங்களுக்கும் காருக்கும் இடையே இருந்த சந்தில் புகுந்து போயிற்று. அதன் காற்று என் முதுகில் அடித்தது. எருமையை அன்று இரவே ஊசி போட்டு முடிக்க வேண்டியதாயிற்று. வயிற்றில் இருந்ததற்கு ஏழு மாதம், காப்பாற்ற வழியில்லை. மறுநாள் செய்தியில் வந்தது, ‘எருமை முட்டி இளைஞர் காயம்’ என்று.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பிரிட்டனின் சாலை விதிநூல் இந்த வேகத்தில் வண்டி நிற்க 53 மீட்டர் வேண்டும் என்கிறது. கண் பார்த்து மூளை புரிந்து கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 15 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்த பின் 38 மீட்டர். இது காய்ந்த சாலைக்கும் தூக்கக் கலக்கம் இல்லாத ஓட்டுநருக்கும் சொன்ன கணக்கு. நனைந்த சாலையில் இன்னும் நீளும். தாழ்த்தி வைத்த முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர், விளக்குக் கண்ணாடியில் சேறு இருந்தால் அதுவும் இல்லை. அப்படியானால் 80இல் போகிற ஒருவர், தனக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறார். அவர் முன்னால் எருமை இருந்தாலும் சரி, பழுதாகி நிற்கிற லாரி இருந்தாலும் சரி, எல்லாமே அவருக்குத் திடீரெனத்தான் வரும். இந்த ஒரு கணக்கை எத்தனை பயிற்சியாளர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறீர்கள்?

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு, நாய், பூனை, மான், குதிரை இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே புகுந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். இரவில் நமக்குத் தெரிகிற மினுக்கம் அதுதான். பலர் அந்த மினுக்கத்தை நம்பியே ஓட்டுகிறார்கள். விலங்கு நம்மைப் பார்த்தால்தான் அது தெரியும். முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் எருமைக்கு மினுக்கம் இல்லை. பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது. அதே போல, மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணில் முழு விளக்கையும் பாய்ச்சினால் அந்த விலங்குக்கு எதுவும் தெரியாது. நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். நாம் அதைப் பார்த்து, ‘வண்டி வருவது தெரிந்தும் நகரவில்லை’ என்று கோபித்துக்கொள்கிறோம். விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, ஒரு நிமிடம் பொறுத்தால் அது தன் வழியே போகும். நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

விலங்குகள் ஒழுங்கு தெரியாதவை என்பதும் தவறான எண்ணம். மனிதர்களைவிட ஒழுங்கானவை. மான்கள் விடியலிலும் அந்தியிலும் நடமாடும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று உண்டு. அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவதுதான், முதலாவது கடந்ததைப் பார்த்து நிம்மதியாக ஆக்சிலரேட்டரை மிதித்தவரிடம். கன்று இந்தப் பக்கமும் தாய் அந்தப் பக்கமும் நின்றால், தாய் கடந்தே தீரும். உங்கள் ஹாரன் அதன் காதில் ஏறாது. வண்டிகளைத் துரத்துகிற நாய் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஒரே மூலையில்தான் துரத்துகிறது. இரு சக்கர வண்டியில் போகிறவர் அந்த மூலை வருவது தெரிந்தும் வேகத்தை ஏற்றுகிறார், இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார், ஒரு கையால் விரட்டுகிறார். கால் இரண்டும் மேலே, கை ஒன்று வெளியே. விழாமல் என்ன செய்வார்? மெல்ல வேகத்தைக் குறைத்து நேராகப் போனால் பெரும்பாலான நாய்களுக்கு ஆட்டம் சுவாரசியமற்றுப் போய்விடும். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

சிரிப்பதற்கும் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் இரு சக்கர வண்டியின் முகப்பு விளக்குக் கூட்டுக்குள் பாம்பு புகுந்துகொள்வது அப்படியொன்றும் அபூர்வமில்லை, இதமான பொந்து தேடி வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடிக்கு அருகே தலை நீட்டிய ஒரு பாம்பைப் பார்த்து, வண்டியை விட்டுக் குதித்த ஒருவரை எனக்குத் தெரியும். பாம்பு தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லாதது. அது அவரைத் தொடக்கூட இல்லை. முழங்கை முழுவதையும் தார் சுரண்டி எடுத்தது. ஓட்டுநரில்லா வண்டி அதன் போக்கில் நாற்பது அடி போய் விழுந்ததாம், பாம்போடு. அதன் பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நெடுஞ்சாலையின் நடுவிலேயே வண்டியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரிக்க முடியாததும் உண்டு. காட்டுச் சாலையொன்றில் எனக்கு முன்னால் ஒரு கார். சாலையோரத்தில் இரண்டு பெண் யானைகள், இடையில் ஒரு குட்டி, கடக்கக் காத்து நின்றன. கார் நின்றது, அதுவரை சரி. பிறகு ஹாரன். பிறகு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பிறகு கதவு திறந்தது. ஒருவர் இறங்கி, நான்கைந்து வயதுக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு யானையை நோக்கி நடந்தார். மனைவியாக இருக்கலாம், ஒரு பெண் கைபேசியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் கை காட்டினார். பெரிய யானை காதுகளை விரித்து, மண்ணை உதைத்துக்கொண்டு பத்தடி ஓடிவந்து நின்றது. அவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

விரித்த காது யானை கொடுக்கும் எச்சரிக்கை. உண்மையிலேயே வரும் யானை பெரும்பாலும் காதை ஒட்டி வைத்து, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வரும், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. குழந்தையைச் சுமந்த தகப்பன் அந்த வேகத்தில் ஓட முடியாது. அவருடைய சட்டைப்பையில் நீங்கள் கொடுத்த உரிமம் இருந்திருக்கும். அதைப் பெறுவதற்கு அவர் சாலைக் குறியீடுகளை எல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பார். முக்கோணத்துக்குள் விலங்கு படம் போட்ட பலகையும் அதில் ஒன்று. அந்தப் பலகையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது ஒரு நாட்டுக் கோளாறு இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டெருமையிடமிருந்து குறைந்தது 23 மீட்டரும், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. 2016 மே மாதம் அங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பிறந்து கொஞ்ச நாளே ஆன காட்டெருமைக் கன்று குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி, அதைத் தூக்கித் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூங்காக் காவலர்கள் கன்றைத் திரும்ப மந்தையில் சேர்க்கப் பார்த்தார்கள். மந்தை ஏற்கவில்லை. கன்று சாலைக்கு வந்து, போகிற வண்டிகளையும் மனிதர்களையும் தேடிப் போய் நின்றது. கடைசியில் கருணைக் கொலை செய்தார்கள். இதை நான் எழுதுவது அவர்களை ஏளனம் செய்வதற்காக இல்லை. எருமை வாயில் தண்ணீர் ஊற்றியவரும் இவர்களும் ஒரே ஜாதி; நல்ல மனசு, தெரியாத கை.

இனி என் முறை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நாயை அடித்திருக்கிறேன். விடியற்காலை, பிரசவம் பார்க்கப் போகிற அவசரம். பெட்டை நாய், மடி தொங்கியது. சாலையைப் பாதி கடந்து, என்னவோ நினைத்தாற்போல் நின்று, திரும்பியது. பம்பரில் பட்ட சத்தம் பெரிதாகக்கூட இல்லை. நான் இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. விளக்கு உடைந்திருந்ததால் காப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘நாய் திடீரெனக் குறுக்கே வந்ததால்’ என்று என் கையாலேயே எழுதினேன்.

அந்த இடத்தில், சாலையின் இடப்பக்கம் உடைந்த குழாய் ஒன்றுக்குள் அது குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியும். நான்கு குட்டிகள், ஒன்று வெள்ளை. இரண்டு வாரமாக ஒவ்வொரு நாளும் அந்த வழியாகப் போகும்போது பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். இரை தேட வலப்பக்கம் போன தாய் பால் கொடுக்க இடப்பக்கம் வரும் என்பதும், வண்டிச் சத்தம் கேட்டால் குட்டிகள் இருக்கும் திசைக்கும் தப்பிக்கும் திசைக்கும் நடுவில் தடுமாறும் என்பதும் ஒரு கால்நடை மருத்துவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எழுதினேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வேறு யார் சொன்னாலும் எனக்கு என் கையெழுத்துத்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் மேல் மட்டும் பழியைப் போடவில்லை. பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, அது செத்தால் மட்டும் உரிமையோடு ஓடிவருகிற சொந்தக்காரர்களிடம் நான் போடாத சண்டை இல்லை. என் செலவில் ஒளிரும் கழுத்துப்பட்டை வாங்கிக் கட்டியும் பார்த்தேன். பாதியைப் பக்கத்து மாடு தின்றுவிட்டது. பின்லாந்தில் கலைமான் வளர்ப்பவர்கள் 2014இல் கொம்புகளில் ஒளிரும் சாயம் பூசிப் பார்த்தார்கள் என்று படித்தபோது, எனக்கு முன்பே இப்படிப்பட்ட பைத்தியங்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆறுதல். சாலை போடுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் வேலி கட்டி, விலங்குகளுக்கென்றே மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் அமைத்த பிறகு, வண்டியில் அடிபடும் விலங்குகள் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகள் கடலுக்கு இடம்பெயரும் நாட்களில் சாலையையே அடைத்துவிடுகிறார்கள். நண்டு ஏறிப் போக ஒரு பாலமும் கட்டியிருக்கிறார்கள். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை 2009இலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் மூடப்படுகிறது. நண்டு எப்போது வரும் என்று கணிக்க முடிகிறது, யானை எப்போது நடக்கும் என்று கணிக்க முடிகிறது. உங்கள் கடிதத்தில் மட்டும் கணிக்க இயலவில்லை.

அடித்த பிறகு என்ன செய்வது என்பதிலும் சில நாடுகள் தெளிவாக இருக்கின்றன. சுவீடனில் மூஸ் என்ற பெரிய மான், மற்ற மான்கள், காட்டுப்பன்றி, கரடி போன்றவற்றின் மேல் வண்டி மோதினால், அந்த விலங்கு எழுந்து ஓடிவிட்டாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இடத்தை அடையாளம் வைக்க வேண்டும். காயத்தோடு ஓடியதைத் தேடிப் போய் முடிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, நாய் ஆகியவற்றை அடித்தால் நிற்க வேண்டும் என்கிறது. பூனை அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று பூனை வளர்ப்பவர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2022இல் தங்கள் விதிநூலில் எண் போட்டே எழுதிவிட்டார்கள். ‘கவனமாகச் செல்லவும்’ என்று மொட்டையாக எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், ஓட்டுகிறவருக்குப் புரியும்.

ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புவது பற்றியும் கற்றுக்கொடுங்கள். 1997இல் சுவீடனில், மூஸ் மானைத் தவிர்க்க ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அந்த நிறுவனம் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, நிலைத்தன்மைக் கருவி பொருத்திக் கொடுத்தது. வண்டிக்கே அந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்றால் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு தேவைப்படும்? நாய்க்காகவோ ஆட்டுக்காகவோ ஸ்டீயரிங்கை ஒடித்து மரத்தில் மோதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னை அழைத்தது நாய்க்காக. நாய் நலமாக நின்றுகொண்டிருந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலில் அந்த அரை மணி நேரம். பயிற்சிப் பள்ளிகளில் ஒரு வகுப்பு. அதில் நிற்கும் தூரத்தையும் விளக்கு காட்டும் தூரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். நேராகப் பிரேக் பிடிக்கவும், தவிர்க்கவே முடியாது என்றால் விலங்கின் பின்பக்கம் நோக்கித் திருப்பவும் சொல்லிக்கொடுங்கள், அது பெரும்பாலும் முன்னோக்கித்தான் ஓடும். பாடம் எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். உரிமத் தேர்வில் விலங்குப் பலகையின் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அதைப் பார்த்தால் காலையும் கையையும் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தெரியாதவரைத் திருப்பி அனுப்புங்கள். இருட்டில் ஒரு தடவைகூட ஓட்டிக் காட்டாமல் யாருக்கும் உரிமம் கொடுக்காதீர்கள்.

அடித்த பிறகு என்ன செய்வது என்பதும் அதே வகுப்பில் வர வேண்டும்: வண்டியை ஓரம் கட்டு, முக்கோணத்தை வளைவுக்கு முன்னால் வை, வாயில் தண்ணீர் ஊற்றாதே, வாலை இழுக்காதே, தலைப்பக்கம் போகாதே, மருத்துவரைக் கூப்பிடு. விலங்கை அடித்துவிட்டு நிற்காமல் போவது குற்றம் என்று ஆக்க மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். காட்டுச் சாலையில் வண்டியை விட்டு இறங்கி விலங்கைச் சீண்டுகிறவர், ஹாரனாலும் விளக்காலும் அதை விரட்டுகிறவர், இவர்களின் உரிமத்தை ஆறு மாதத்துக்காவது நிறுத்தி வைக்க விதி செய்யுங்கள். அபராதம் அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மாதிரிதான்.

கடைசியாக விபத்து அறிக்கைப் படிவம். ‘விலங்கு குறுக்கிட்டது’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளை வையுங்கள். என்ன வேகத்தில் வந்தீர்கள்? விளக்கு எவ்வளவு தூரம் காட்டியது? மோதுவதற்கு முன் அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது? மூன்றாவதற்கு விடை எழுத, ஓட்டியவர் இறங்கித் தரையைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் போதும்.

முப்பது நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். இந்தத் தடவையும் அது ஒரே வாக்கியமாக இருந்தால் பரவாயில்லை. அந்தச் சொல் மட்டும் அதில் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்